நீங்கள் எழுதிய வரியை நீக்கிவிட்டார்களா? வடசென்னையிலிருந்து விக்கிப்பீடியாவுக்கு எழுத வருபவர்களுக்கு

வண்ணாரப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ பிறந்து வளர்ந்த ஒருவர் தமிழ் விக்கிப்பீடியாவில் தன் ஊர்ப் பக்கத்தை முதல்முறையாகத் திறக்கிறார். சின்னப் பக்கம். அஞ்சல் குறியீடு, பக்கத்தில் இருக்கும் ரயில் நிலையம், பேருந்து வசதி, அவ்வளவுதான். அவருக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே இல்லை. மேலே 'தொகு' என்று இருக்கிறது. அழுத்துகிறார், ராத்திரி உட்கார்ந்து ஆறேழு வரி சேர்க்கிறார். காலையில் பார்த்தால் அதில் பாதியைக் காணோம். பெரும்பாலோர் அந்த இடத்திலேயே மனம் வெறுத்துப் போய்விடுகிறார்கள். அப்படிப் போக வேண்டாம், அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இதில் எனக்கு ஒரு அக்கறை உண்டு. வடசென்னையைப் பற்றி அச்சில் இருப்பதில் பெரும்பகுதி வெளியே இருந்து பார்த்தவர்கள் எழுதியது. வெள்ளைக்கார அதிகாரிகளின் குறிப்பு, காவல்துறைச் செய்தி, அப்புறம் சினிமா. இங்கே வாழ்ந்தவர்களின் பக்கம் கலைக்களஞ்சியத்தில் ஏற வேண்டும் என்றால், யாரும் அசைக்க முடியாத சான்றோடு ஏற வேண்டும். கோபத்தில் நாலு தடவை திரும்பத் திரும்ப ஒட்டினால் ஏறாது.

முதலில் 'வரலாறு' பக்கத்தைப் பாருங்கள்

ஒவ்வொரு கட்டுரைக்கும் மேலே வரலாறு என்ற தத்தல் (tab) உண்டு. யார், எப்போது, எதைச் சேர்த்தார், எதை எடுத்தார் என்பது வரிவரியாக அங்கே இருக்கும். உங்கள் வரியை எடுத்தவர் பெரும்பாலும் ஒரு சின்னக் குறிப்பு விட்டிருப்பார்: 'சான்று இல்லை', 'விளம்பர நடை', 'பதிப்புரிமை மீறல்', 'நடுநிலை இல்லை'. இந்தக் குறிப்புக்குத் தொகுப்புச் சுருக்கம் என்று பெயர். சண்டை எந்த வகை என்று சொல்வது இதுதான். பதிப்புரிமை என்றால் நீங்கள் எங்கிருந்தோ அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறீர்கள். அதற்கு வாதம் கிடையாது, சொந்த நடையில் திருப்பி எழுத வேண்டும். மற்ற மூன்றும் பேசித் தீர்க்கக்கூடியவை.

குறிப்பே இல்லாமல் நீக்கியிருந்தால்? அதற்கும் கோபப்பட வேண்டாம். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது, 2017-இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. அத்தனையையும் தினமும் கண்காணிப்பவர்கள் சிலர்தான், ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. ஒரு மாலையில் நாற்பது விஷமத் தொகுப்புகளைத் துடைத்துக்கொண்டு வருகிறவர் கையில் உங்கள் நல்ல வரியும் சேர்ந்து போயிருக்கலாம். கேட்டால் சொல்வார்.

இந்தக் கட்டத்தில் செய்யக் கூடாதது ஒன்றுதான்: நீக்கிய வரியை அப்படியே மறுபடி போடுவது. நீங்கள் போட, அவர் எடுக்க, நீங்கள் போட என்று போனால் அது தொகுப்புப் போர். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால், அதாவது அடுத்தவர் செய்த மாற்றத்தைத் திருப்பினால், கணக்கைத் தடை செய்யலாம் என்று விதியே இருக்கிறது. மூன்று வரை உரிமை என்று அதற்கு அர்த்தம் கிடையாது; அதற்குக் குறைவாகச் செய்தாலும் போர் போர்தான். தமிழில் ஆட்கள் குறைவு. ஒரே நாளில் இரண்டு பேர் மாற்றி மாற்றி அழித்தாலே எல்லார் கண்ணிலும் பட்டுவிடும், நிர்வாகி பக்கத்தைப் பூட்டிவிடுவார். பூட்டும்போது எந்தப் பதிப்பு மேலே இருக்கிறதோ அதுவே நிற்கும். அது உங்களுடையதாக இல்லாவிட்டால் நிர்வாகி எதிராளியின் பக்கம் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. சண்டையை நிறுத்தத்தான் பூட்டுகிறார், யார் சொல்வது சரி என்று தீர்ப்பு சொல்வது அவர் வேலை இல்லை.

சான்றுச் சண்டை: ராயபுரம் ரயில் நிலையத்தை எடுத்துக்கொள்வோம்

நம் பகுதிக் கட்டுரைகளில் அதிகம் இடிபடும் சொல் 'முதல்'. இந்தியாவின் முதல் தொழிற்சங்கம், ஆசியாவின் முதல் அது, உலகின் முதல் இது. ராயபுரம் நிலையத்தைப் பற்றி 'இந்தியாவின் முதல் ரயில் நிலையம்' என்று நீங்கள் எழுதினால் அன்றைக்கே நீக்குவார்கள், நீக்குவதும் நியாயம். பம்பாயிலிருந்து தாணேவுக்கு 1853 ஏப்ரல் 16-ஆம் தேதியே பயணிகள் ரயில் ஓடிவிட்டது. ராயபுரம் நிலையத்தை ஆளுநர் ஹாரிஸ் திறந்துவைத்தது 1856 ஜூன் 28-இல். அங்கிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் சேவை தொடங்கியது ஜூலை 1-இல்.

அதற்காக ராயபுரத்தின் பெருமை குறைந்துவிட்டதா? கிடையாது. பம்பாயிலும் தாணேயிலும் இருந்த அந்த முதல் நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. ராயபுரம் கட்டடம் நிற்கிறது. ஆகவே 'இந்தியாவில் இன்றும் நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம்' என்று எழுதலாம், அதற்கு அச்சுச் சான்று கிடைக்கும். 'தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட நிலையம்' என்றும் எழுதலாம். இதில் 'பயணிகள்' என்ற சொல்லை விட்டால் மறுபடி மாட்டிக்கொள்வீர்கள். செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குக் கல் ஏற்றிப் போன தண்டவாளப் பாதை 1837-லேயே சென்னையில் இருந்தது. திறப்பு நாளைப் போடுபவரும் சேவை தொடங்கிய நாளைப் போடுபவரும் ஒருவரை ஒருவர் தப்பு என்று அழித்துக்கொண்டே இருப்பதும் உண்டு. இரண்டு நாளையும் எது எதற்கு என்று சொல்லி எழுதிவிட்டால் அந்தச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

இதிலிருந்து வேலைக்கான முறை கிடைக்கிறது. சான்று கேட்டால் உங்கள் வரியில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் சான்றில் உள்ள சொல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சான்று 'மிகப் பழைய கட்டடங்களில் ஒன்று' என்கிறது, நீங்கள் 'மிகப் பழைய கட்டடம்' என்கிறீர்கள் என்றால் அந்தச் சான்று உங்களுக்கு உதவாது. பெரும்பாலான சண்டைகளில் ஒரு சொல்லைச் சுருக்கினால் போதும்.

எது சான்று ஆகும்? எழுதியவருக்கும் வாசகருக்கும் நடுவில் சரிபார்க்க ஒரு ஆள் இருந்தாரா என்று கேளுங்கள். நாளிதழில் ஆசிரியர் குழு இருக்கிறது, நல்ல பதிப்பகத்தில் பதிப்பாசிரியர் இருக்கிறார், ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் ஆள் வைத்துப் படித்துப் பார்க்கிறது. முகநூல் பதிவுக்கும் வாட்ஸ்அப் செய்திக்கும் அப்படி யாரும் கிடையாது. யூடியூப் காணொளியும் பெரும்பாலும் அப்படித்தான். அறியப்பட்ட செய்தி நிறுவனத்தின் சேனலில் வந்த பேட்டி என்றால், கட்டுரையைப் பற்றி விவாதிக்க அதன் பக்கத்திலேயே இருக்கும் பேச்சுப் பக்கத்தில் காட்டி, ஏற்கலாமா என்று கேட்கலாம்.

நாளிதழிலும் ஒரு கண்ணி இருக்கிறது. செய்தியாளர்கள் அவசரத்துக்கு விக்கிப்பீடியாவையே பார்த்து எழுதுவது உண்டு. 2015-இல் யாரோ சான்றில்லாமல் கட்டுரையில் ஒரு வரி சேர்த்திருப்பார். 2018-இல் ஒரு நாளிதழ் அதை அப்படியே போட்டிருக்கும். 2020-இல் இன்னொருவர் வந்து அந்த நாளிதழைச் சான்றாகக் காட்டுவார். பொய் தனக்குத் தானே சாட்சி சொல்கிறது. இதைப் பிடிக்க வழி எளிது: வரலாறு பக்கத்தில் அந்த வரி முதலில் எப்போது ஏறியது என்று தேடுங்கள், செய்தி வந்த தேதியோடு ஒப்பிடுங்கள். செய்தி பிந்தியது, வாசகமும் ஒன்றாக இருக்கிறது என்றால் அந்தச் செய்தியை நம்ப வேண்டாம், அதற்கும் முந்திய நூலைத் தேடுங்கள்.

சினிமா விஷயமும் அப்படியே. குத்துச்சண்டையில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று பரம்பரைகள் இங்கே உண்மையிலேயே இருந்தன. 2021-இல் அந்த உலகத்தை வைத்து ஒரு படம் வந்தது. படத்தில் வரும் பாத்திரத்தை வாழ்ந்த வீரர் என்று நம்பி, பந்தயம் நடந்த ஆண்டோடு எழுத வருகிறவர்கள் இருக்கிறார்கள். படத்தைச் சான்றாக வைத்தால் படத்தைப் பற்றிய கட்டுரையில் மட்டுமே எழுத முடியும். வீரர்களைப் பற்றி எழுத அந்தக் காலத்து விளையாட்டுச் செய்தியும் பின்னால் வந்த நேர்காணலும் வேண்டும்.

தாத்தா சொன்னதை எங்கே வைப்பது?

புதிதாக வருகிறவர்களுக்கு மனசு வலிக்கும் இடம் இது. காசிமேட்டில் எந்தக் குடும்பம் எந்த ஆண்டு விசைப்படகு வாங்கியது, மூலக்கொத்தளத்தில் ஒரு தெருவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது, எமர்ஜென்சியில் யார் வீட்டில் யார் ஒளிந்திருந்தார்கள், எல்லாம் வீட்டுப் பெரியவருக்குத் தெரியும். எந்தப் புத்தகத்திலும் இல்லை. விக்கிப்பீடியா அதை ஏற்காது. 'என் தாத்தா சொன்னார்' என்பதை உலகத்தில் வேறு எவரும் போய்ச் சரிபார்க்க முடியாது என்பதுதான் காரணம்.

இந்த விதி எழுத்து குறைவாக உள்ள பகுதிகள் மேல் கூடுதல் பாரமாக இறங்குகிறது. மயிலாப்பூருக்கு நூறு நூல் இருக்கும், கொருக்குப்பேட்டைக்கு ஒன்று கிடைத்தால் பெரிது. இதை நான் லேசாகச் சொல்லவில்லை. ஆனாலும் விதியைத் தளர்த்தச் சொல்லிச் சண்டை போடுவதில் பயன் இல்லை. நம் தாத்தா சொன்னதற்குக் கதவைத் திறந்தால், நம்மைப் பற்றி வெறுப்போடு கதை கட்டுகிறவருக்கும் அதே கதவு திறக்கும்.

வழி வேறு. அந்த நினைவு முதலில் வேறெங்காவது அச்சேற வேண்டும். நாளிதழின் சென்னைப் பக்கங்களுக்கு எழுதுங்கள். கல்லூரியில் வரலாறோ இதழியலோ படிக்கிற தம்பி தங்கை இருந்தால், பெரியவர்களின் நேர்காணலை ஆய்வேட்டுத் தலைப்பாக எடுக்கச் சொல்லுங்கள். முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா என்ற பொதுத் தளத்தில் ஏறுகின்றன. அப்படி ஏறிய ஆய்வேட்டை நாளைக்கு யாரும் பக்க எண்ணோடு மேற்கோள் காட்டலாம். மெதுவான வேலைதான். ஆனால் நிலைத்து நிற்கும்.

ஏற்கெனவே அச்சில் இருப்பதைத் தேடவும் கொஞ்சம் நடக்க வேண்டும். எழும்பூரில் கன்னிமாரா நூலகம் இருக்கிறது, 1896-இல் திறந்தது. இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படி சட்டப்படி அங்கே வந்து சேர வேண்டும். தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் எழும்பூரில்தான். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். வீட்டிலிருந்தே தேட தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் விக்கிமூலமும் உண்டு. நாட்டுடைமையான நூல்கள் விக்கிமூலத்தில் நிறைய. மேற்கோள் கொடுக்கும்போது நூல் பெயரோடு நிறுத்தாமல் பதிப்பு ஆண்டும் பக்க எண்ணும் போடுங்கள். செய்தி இணைப்பு என்றால் இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் ஒரு படி சேமித்து அந்த இணைப்பையும் சேர்த்துக் கொடுங்கள். தமிழ்ச் செய்தித் தளங்களில் பழைய இணைப்புகள் சீக்கிரம் செத்துப்போகும். மூன்று வருஷம் கழித்து ஒருவர் 'இணைப்பு வேலை செய்யவில்லை' என்று உங்கள் வரியை எடுப்பதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

நடுநிலைச் சண்டை: 1921

சான்றுச் சண்டையில் உண்மை ஒன்று, அதைத் தேடிக் கண்டுபிடித்தால் முடிந்தது. நடுநிலைச் சண்டை கடினமானது. இங்கே இரண்டு பேர் கையிலும் சான்று இருக்கும்.

பெரம்பூர்ப் பக்கம் பக்கிங்காம், கர்நாடிக் என்ற துணி ஆலைகள் இருந்தன. நம் ஊர் ஆட்களுக்குப் பின்னி மில். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்த ஆலைத் தொழிலாளர்களுக்காக உருவானது. பி. பி. வாடியா தலைவர், திரு.வி.க. முன்னணியில் நின்றவர்களில் ஒருவர். 1921-இல் பெரிய வேலைநிறுத்தம், பல மாதம் நீடித்தது. ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் நிற்கவில்லை. புளியந்தோப்பில் மோதல், குடிசைகள் எரிந்தன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். வேலைநிறுத்தம் தோற்றது.

இதை விக்கிப்பீடியாவில் எழுத இரண்டு பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 'வேலைக்குத் திரும்பிய கருங்காலிகளால் போராட்டம் தோற்றது' என்று எழுதுகிறார். இன்னொருவர் அதை அழித்துவிட்டு 'சாதி வெறியர்கள் ஏழைகளின் குடிசைகளைக் கொளுத்தினார்கள்' என்று எழுதுகிறார். இரண்டு பேரும் இந்த மண்ணை நேசிக்கிறவர்கள். ஒருவரின் கொள்ளுத்தாத்தா வேலைநிறுத்தத்தில் நின்றிருக்கலாம், மற்றவரின் கொள்ளுத்தாத்தா குடிசையை இழந்திருக்கலாம். இரண்டு வரிகளும் கலைக்களஞ்சியத்துக்கு ஆகாது.

முதல் வேலை, நடந்ததையும் அதைப் பற்றிய கருத்தையும் பிரிப்பது. வேலைநிறுத்தம் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, எங்கே தீ வைக்கப்பட்டது, எத்தனை பேர் செத்ததாகப் பதிவு இருக்கிறது என்பதெல்லாம் நடந்தது. இதை விக்கிப்பீடியாவின் குரலிலேயே எழுதலாம். ஏன் தோற்றது, யார் மேல் குற்றம் என்பது கருத்து. கருத்துக்குச் சொந்தக்காரர் வேண்டும். திரு.வி.க. தன் வாழ்க்கைக் குறிப்புகளில் அந்தச் சங்க நாட்களை விரிவாக எழுதியிருக்கிறார். அது களத்தில் நின்ற தலைவரின் சொல், ஆகவே 'திரு.வி.க. எழுதுகிறார்' என்று அவர் பெயரில் வர வேண்டும். ஆதி திராவிடத் தலைவர் எம். சி. ராஜா வேறு நிலை எடுத்தார். அது அவர் பெயரில் வர வேண்டும். அன்றைய அரசாங்க அறிக்கை அரசின் பார்வை, நிர்வாகத்தின் கடிதம் நிர்வாகத்தின் பார்வை. இவற்றையெல்லாம் படித்துப் பின்னால் எழுதிய வரலாற்று ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். கட்டுரையின் முதுகெலும்பு அவர்கள் எழுதியதாக இருக்கட்டும்.

அப்புறம் எடை. நடுநிலை என்றால் ஆளுக்குப் பாதி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிக் கிடையாது. நல்ல சான்றுகள் ஒரு பார்வைக்கு எவ்வளவு இடம் தருகின்றனவோ அவ்வளவுதான் கட்டுரையிலும். பத்து ஆய்வாளர்கள் ஒன்று சொல்லி, ஒரே ஒரு துண்டுப் பிரசுரம் வேறு சொன்னால், இரண்டுக்கும் சம பத்தி கொடுப்பது நடுநிலை ஆகாது. அதே சமயம், ஆய்வாளர்கள் தங்களுக்குள்ளேயே பிரிந்திருந்தால் அந்தப் பிரிவையும் சொல்ல வேண்டும்.

சொல் தேர்வு கடைசியில் வரட்டும். 'கலவரமா, தாக்குதலா' என்பதிலேயே தொடங்கினால் வாரக்கணக்கில் அதே இடத்தில் நிற்பீர்கள். மேலே சொன்ன இரண்டையும் செய்து முடித்தால், நல்ல நூல்கள் எந்தச் சொல்லை அதிகம் பயன்படுத்துகின்றன என்பது கண்ணுக்குத் தெரிய வரும். அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய செய்தியாக இருந்தால்

பழைய விஷயத்துக்கு ஆய்வு நூல் கிடைக்கும். எண்ணூரில் நேற்று நடந்ததற்குக் கிடைக்காது. 2017 ஜனவரி 28-இல் எண்ணூர் காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் மாசு எதுவும் இல்லை என்பதுதான் துறைமுகத் தரப்பின் முதல் அறிக்கை. அடுத்தடுத்த நாட்களில் மீனவர்களும் தன்னார்வலர்களும் கடற்கரையில் நின்று வாளி வாளியாக எண்ணெய்க் கசடை அள்ளினார்கள். முதல் நாள் செய்தியை மட்டும் சான்றாக வைத்து எழுதியிருந்தால், சான்று இருந்தும் கட்டுரை பொய்யாக இருந்திருக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் எண்ணெய் பரவியபோதும் இப்படித்தான். எண்ணெய் சுத்திகரிப்பு நிறுவனம் சொன்னது ஒன்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் சொன்னது ஒன்று, வலை முழுக்க எண்ணெயாகக் கரையேறிய மீனவர்கள் சொன்னது ஒன்று. இப்படிப்பட்ட கட்டுரையில் ஒவ்வொரு வரியிலும் யார் சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார் என்று போடுங்கள். 'தற்போது', 'சமீபத்தில்' வேண்டாம். புதுச் செய்தி வரும்போது பழைய கூற்றை அழிக்க வேண்டாம், தேதியோடு இருக்கட்டும், கீழே புதியதைச் சேருங்கள். முதல் நாள் என்ன சொன்னார்கள் என்பதும் வரலாறுதான்.

நம் ஊரைக் கேவலமாக எழுதியிருந்தால்

'வடசென்னை குற்றங்களுக்குப் பெயர்பெற்றது' என்ற மாதிரி ஒரு வரியைப் பார்த்தால் ரத்தம் கொதிக்கும். எனக்கும் கொதிக்கும். அழித்துவிட்டு 'உழைக்கும் மக்களின் கோட்டை' என்று எழுதத் தோன்றும். எழுத வேண்டாம். ஒரு அடைமொழிக்குப் பதில் இன்னொரு அடைமொழியை வைத்தால் எதிராளிக்கு வேலை சுலபம், இரண்டையும் ஒரே தராசில் நிறுத்திவிடுவார்.

அந்த வரிக்கு மேற்கோள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் 'சான்று தேவை' வார்ப்புருவை (அந்த வரிக்குப் பக்கத்தில் தெரியும் ஆயத்தக் குறிப்பு) போட்டுப் பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் நீக்கலாம். சேர்க்கிறவர்தான் சான்று தர வேண்டும், அது தவறு என்று நீக்குகிறவர் நிரூபிக்கத் தேவையில்லை. மேற்கோள் இருந்தால் அது என்ன சொல்கிறது என்று படியுங்கள். ஒரு குறிப்பிட்ட ஆண்டில் ஒரு காவல் நிலைய எல்லையில் நடந்ததைப் பற்றிய செய்தியை வைத்து முழு வடசென்னையையும் குற்றம் சாட்டியிருந்தால், அதைச் சுட்டிக்காட்டிச் சுருக்கச் சொல்லுங்கள். பிறகு எடையைக் கேளுங்கள்: பள்ளி, தொழில், துறைமுகம், கோயில், தேவாலயம், தர்கா எல்லாம் நான்கு வரியில் இருக்க, குற்றம் மட்டும் நான்கு பத்தி இருப்பது ஏன்?

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்க வேண்டாம். உயிரோடு இருக்கும் ஒருவரைப் பெயர் சொல்லி ரவுடி, கொலைகாரர் என்று சான்றில்லாமல் எழுதியிருந்தால் உடனே நீக்குங்கள், நீக்கிய பிறகு பேச்சுப் பக்கத்தில் சொல்லுங்கள். பிரபலம் இல்லாத தனிமனிதர் மேல் போலீஸ் வழக்குப் போட்டது, கைது செய்தது என்பதற்குச் செய்தி இருந்தாலும், நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லாத வரை அவர் பெயர் ஊர்க் கட்டுரையில் வரத் தேவையே இல்லை. அந்தப் பையன் நாளைக்கு வேலைக்குப் போகும்போது அவன் பெயரைத் தேடினால் முதலில் வருவது அந்தப் பக்கமாக இருக்கும்.

பேச்சுப் பக்கத்தில் எப்படிப் பேசுவது

கட்டுரைக்குப் பக்கத்திலேயே பேச்சுப் பக்கம் இருக்கிறது. புதுத் தலைப்பு போட்டு, சுருக்கமாக, நீங்கள் என்ற மரியாதையோடு எழுதுங்கள். எதிரே இருப்பவர் யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம், கோவையில் பொறியியல் மாணவராக இருக்கலாம். பின்னி மில் எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியாமல் இருப்பது குற்றம் இல்லை. இந்த மாதிரி எழுதலாம்:

'வணக்கம். பெரம்பூர் கட்டுரையில் ஆலை மூடலைப் பற்றி நான் சேர்த்த பத்தியை நேற்று நீக்கியிருக்கிறீர்கள். சான்று இல்லை என்று காரணம் தந்திருக்கிறீர்கள். ஆலை 1996-இல் மூடப்பட்டதைச் சொல்லும் நாளிதழ்ச் செய்தியைக் கீழே தருகிறேன். இதை வைத்து, மூடப்பட்ட ஆண்டை மட்டும் மீண்டும் சேர்க்கலாமா? மூடியதற்கான காரணத்தை நல்ல சான்று கிடைத்த பிறகு எழுதுகிறேன்.'

கடைசியில் நான்கு அலைக்குறி (~~~~) இடுங்கள், உங்கள் பயனர் பெயரும் நேரமும் தானாக வந்துவிடும். இந்தச் செய்தியில் எதிராளியின் நோக்கத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். 'நீங்கள் வேண்டுமென்றே', 'உங்களைப் போன்றவர்கள்' என்று தொடங்கினால் அதற்குப் பிறகு நீங்கள் கொடுக்கும் சான்றை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

ஒரு வாரம் காத்திருங்கள். பதில் வரவில்லை என்றால் சுருக்கிய வரியை மேற்கோளோடு சேர்த்து, தொகுப்புச் சுருக்கத்தில் 'பேச்சுப் பக்கம் பார்க்க' என்று போடுங்கள். பதில் வந்து இழுபறி ஆகிவிட்டால் ஆலமரத்தடியில் போய்ச் சொல்லுங்கள். அது தமிழ் விக்கிப்பீடியர்கள் எல்லாரும் கூடும் பொதுப் பக்கம். இரண்டு பேரும் சொல்வதை நாலு வரியில் நேர்மையாகச் சுருக்கி, மூன்றாம் ஆளின் கருத்தைக் கேளுங்கள். அங்கே 'விருப்பம்' என்று ஆதரவு தெரிவிப்பார்கள், ஆனால் தலை எண்ணி முடிவு செய்வதில்லை. காரணத்துக்குத்தான் மதிப்பு. ஆகவே உங்கள் தெரு நண்பர்கள் பத்துப் பேரைக் கணக்குத் தொடங்கச் சொல்லி ஆதரவு போடச் சொல்ல வேண்டாம். ஒரே நாளில் பிறந்த பத்துக் கணக்கு எல்லார் கண்ணையும் உறுத்தும். கைப்பாவை, அதாவது ஒருவருக்காக ஆடும் போலிக் கணக்கு, என்று கண்டுபிடித்தால் உங்கள் கணக்கும் சேர்ந்து போகும், நல்ல வாதமும் சேர்ந்து போகும்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் இருக்கிறதே என்று இங்கே வாதம் வைக்க முடியாது. அது தனி, இது தனி, விக்கிப்பீடியா எதற்கும் விக்கிப்பீடியா சான்று ஆகாது. அங்கே உள்ள மேற்கோளைத் திறந்து படித்து, அதைக் கொண்டு வாருங்கள். அங்கேயே எழுதப் போனால் கட்டுப்பாடு அதிகம். சூடான சில பக்கங்களை 30 நாள் பழைமையும் 500 தொகுப்புகளும் உள்ள கணக்குகள் மட்டுமே தொடலாம். அந்தப் பக்கங்களுக்கும் பேச்சுப் பக்கத்தில் கோரிக்கை வைக்க முடியும்.

சாதிக் கட்டுரைகள் பற்றி ஒரு வரி: முதல் ஆறு மாதம் அந்தப் பக்கம் போகாதீர்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் தொகுப்புப் போர் அதிகம் நடப்பது அங்கேதான். நீங்கள் எந்தச் சாதியானாலும், கற்றுக்கொள்ள ஏற்ற இடம் அது கிடையாது.

உங்கள் சங்கம், உங்கள் பள்ளி, உங்கள் கட்சி, நீங்கள் சம்பளம் வாங்கும் இடம், நீங்கள் நிர்வாகக் குழுவில் இருக்கும் கோயில், இவற்றைப் பற்றியும் நேரடியாக எழுத வேண்டாம். பேச்சுப் பக்கத்தில் உறவைச் சொல்லி, சான்றைக் கொடுத்து, வேறு ஒருவரைச் சேர்க்கச் சொல்லுங்கள். காசு வாங்கிக்கொண்டு எழுதினால் அதை வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டும் என்பது விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதி.

முடிவு எட்டிய பிறகு

பேசி ஒரு வாசகத்துக்கு இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் வேலை முடிந்தது என்று நினைத்துப் போய்விடாதீர்கள். பேச்சுப் பக்கத்தில் அதே தலைப்பின் கீழ் மூன்று வரி எழுதுங்கள்: என்ன வாசகம், எந்தச் சான்றுகளின் மேல், எந்த வாதத்தை ஏன் விட்டோம். அந்தப் பக்கத்தை, மாற்றம் நடந்தால் காட்டும் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். ராயபுரம் கட்டுரைக்கு அடுத்த வருஷம் இன்னொரு இளைஞர் வருவார், 'இந்தியாவின் முதல் ரயில் நிலையம்' என்று மாற்றுவார். அவர் பயனர் பேச்சுப் பக்கத்தில் ஒரு வணக்கம் சொல்லி, அந்த மூன்று வரிக்கு இணைப்புக் கொடுங்கள்.